கோபுரத்துக்கு முதுகு காட்டிய மனிதர்

என் கணவர் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

லிஸ்பன் நகரத்தில், தேஜோ ஆறு கடலைத் தொடப்போகும் இடத்தில் நிற்கிற பெலேங் கோபுரம் அது. வெள்ளைக் கல்லில் கட்டியது. விளிம்பெல்லாம் முறுக்குப் பிழிந்த மாதிரிக் கல்லிலேயே கயிறு செதுக்கியிருக்கிறார்கள். காலை வெயில் ஆற்றில் பட்டுத் தெறித்துக் கோபுரத்தின் அடிச்சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. ஊர் உலகத்துச் சனமெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, ரோட்டில் போகிற ட்ராமைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இஞ்சாருங்கோ, ஒரு படம் எடுப்பம்,” என்றேன்.

“எடு. ஆனா உதோடை சேத்து என்னை எடுக்காதை.”

“உது உங்களுக்கு என்னப்பா செய்தது?”

“உதின்ரை அடியிலையிருந்துதானே பறங்கியள் கப்பலேறினவங்கள்? வந்து எங்கடை யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலை இடிச்சவங்கள். இடிச்ச கல்லைக் கொண்டுபோய்க் கோட்டை கட்டினவங்கள். அவங்கடை கோபுரத்துக்கு முன்னாலை நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கோணுமோ?”

பக்கத்தில் நின்ற மதாம் பிலோமினா என் கையைச் சுரண்டினார். “என்ன சொல்றார் உன்ரை மனுசன்?”

“வெயில் கண்ணுக்குள்ளை குத்துதாம்,” என்றேன்.

வேறு என்ன சொல்ல? அந்த மனுசி அப்பாவி. உடனே தன் கறுப்புக் குடையை விரித்து இவருடைய தலைக்கு மேலே பிடித்தார். போர்த்துக்கீசர் மேலுள்ள கோபம் அத்தனையையும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, ஒரு போர்த்துக்கீசப் பெண்ணின் குடைக்குக் கீழே இவர் நின்ற நிலை இருக்கிறதே, எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. நாங்கள் அங்கே போனது கோபுரம் பார்க்க அல்ல. மதாம் தன் முழங்காலை உடைத்துக்கொள்ளாமல் தடுப்பதற்குத்தான் போனோம்.

கருவாட்டு வாசனை

இந்தத் தொடரை நடுவில் வாசிக்கத் தொடங்கியவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ராணி. பரிஸ் நகரத்தில், ரூ பெர்தொனே என்கிற தெருவில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. சாறி ப்ளவுஸ் தைப்பேன், பெட்டிக்கோட் தைப்பேன், ஆறுதலாக நின்றால் ஊர்க்கதையும் சேர்த்துத் தைத்துத் தருவேன். ஒருபக்கம் நகைக்கடை, மறுபக்கம் கொத்துரொட்டி தட்டுகிற சத்தம். இவர் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல் வேலை செய்து, போன வருடந்தான் பென்சன் எடுத்தார். வீடு லா சப்பல் மெத்ரோவுக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தில்.

அந்தக் கட்டடத்தின் கொன்சியேர்ஜ்தான் மதாம் பிலோமினா. கீழ்வாசலோடு ஒட்டிய ஒற்றை அறையில் இருந்துகொண்டு, படி கழுவுவது, குப்பைவாளி இழுப்பது, தபால் பிரித்துப் போடுவது, யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று மூக்கை நுழைப்பது எல்லாம் அவருடைய இராச்சியம். பரிஸில் அந்த வேலையில் இருந்தவர்களில் பாதிப்பேர் போர்த்துக்கல்காரிகள்தான்.

நாங்கள் குடிவந்த புதிதில் ஒரு ஞாயிறு, ஆசையை அடக்க முடியாமல் கருவாடு பொரித்தேன். ஜன்னலைச் சாத்தினேன், கதவடியில் துவாய் சுருட்டி வைத்தேன். கருவாட்டு வாசனை அதற்கெல்லாம் அடங்குமோ? மேல்மாடிப் பிரெஞ்சுக்கார மிசியே மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப்போய், கீழே நின்று கத்தத் தொடங்கிவிட்டார். படி வளைவில் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். எங்களுக்கு அப்போது விசா, பேப்பர் எல்லாம் சரிவராத காலம். ஒரு முறைப்பாடு போனாலே வீடு பறிபோய்விடும் என்று பயம்.

மதாமின் குரல் கேட்டது. “அது என்னுடைய மீன், மிசியே. எங்கள் ஊர் மீன். பிடிக்காவிட்டால் மூக்கை மேலே விட்டுவிட்டு வாருங்கள்.”

பின்னேரம் கதவைத் தட்டினார். கையில் பலகை மாதிரி விறைத்த ஒரு உப்பு மீன். பக்கல்யாவ் என்று சொல்வார்கள், அவர்களுடைய கருவாடு. என் மூக்குக்கு நேரே பிடித்து, “இது உன்னுடையதைவிட மோசம்,” என்றார். இரண்டு பேரும் வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் மேல்மாடி மிசியே இன்னொருதரம் கதவைத் திறந்து மூடினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு இறால் குழம்பு கீழே போகும், அவருடைய உப்பு மீன் உருண்டை மேலே வரும். அவர் பேசுவது போர்த்துக்கல் வாசனை அடிக்கிற பிரெஞ்சு, நான் பேசுவது யாழ்ப்பாண வாசனை அடிக்கிற பிரெஞ்சு. எனக்கு அவர் பேச்சு எப்போதும் தமிழாகத்தான் கேட்கும், அதனால் அப்படியே எழுதுகிறேன். இவரோ எத்தனை வருடம் போனாலும் “பொன்ஜூர் மதாம், பொன்சுவார் மதாம்” என்பதற்கு மேலே ஒரு சொல் கூடுதலாகப் பேசமாட்டார். “நல்ல மனுசிதான். ஆனா பறங்கி பறங்கிதானே,” என்பார் கதவைச் சாத்திவிட்டு.

கடன்

கொஞ்ச வருடங்களுக்கு முன் எனக்கு வயிற்றில் ஒரு பெரிய ஒப்பரேசன் நடந்தது. அந்தக் கதையை முன்பே எழுதி உங்களையெல்லாம் அழவைத்துவிட்டேன், திரும்ப வேண்டாம். அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையில் இவர் தனியே இருந்தார். மகள் லியோனிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அப்போது படி கழுவுகிற ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மதாம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாராம். இவர் திருநீற்றுப் பையைக் கையில் இறுக்கியபடி முருகா முருகா என்று இருக்க, மதாம் செபமாலை உருட்டிக்கொண்டு இருந்தாராம். ஒருவரோடொருவர் பேசவில்லை. டொக்டர் வந்து “இனிப் பயமில்லை” என்றதும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதார்களாம். இதை எனக்குச் சொன்னது தாதி. இவர் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

அந்த நடையில் உட்கார்ந்துதான் மதாம் நேர்ந்திருக்கிறார். ராணி எழும்பி நடந்தால், தன் நாட்டுப் பாத்திமா மாதா கோயில் முற்றத்தை முழங்காலில் கடந்து வருகிறேன் என்று. எங்கள் ஆட்கள் நல்லூரில் பிரதட்டை செய்கிறேன், வீதியில் உருண்டு வருகிறேன் என்று நேர்வது போல, அவர்களுக்கு அது.

நான் எழும்பினேன், நடந்தேன், திரும்பக் கடையும் திறந்தேன். மதாமோ அதற்குள் முழங்கால் தேய்ந்து, ஊன்றுகோலோடு ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. புருசன் போய்ச் சேர்ந்து கனகாலம். சொந்தமென்று சொல்ல அந்தக் கிராமத்தில் ஒருத்தரும் மிச்சமில்லை.

இந்த வசந்தத்தில் ஒருநாள் தொலைபேசி எடுத்தார்.

“ராணி, நான் என்ரை கடனைக் கட்டப்போறன். டொக்டர் கூடாது எண்டுறார். கல்லிலை முழங்கால் ஊன்றினால் பிறகு நாற்காலி வண்டிதானாம்.”

“அப்ப ஏன் மதாம்? மாதாவுக்குத் தெரியாதே உங்கடை முழங்கால்?”

“மாதாவுக்குத் தெரியும். எனக்குத்தான் நித்திரை இல்லை. குடுத்ததை அவ திருப்பிக் கேட்டால் நான் என்ன செய்வன்? கேக்கப் போறது உன்னையல்லோ?”

என்னை உயிரோடு வைத்திருக்க அவர் தன் காலைக் கொடுக்கப் பார்க்கிறார். சிரித்துத் தள்ளிவிடக்கூடிய விசயம் இல்லை இது. நேர்ந்ததைச் செய்யாமல் விட்டால் அது வந்து நிற்கும் என்ற பயம் எங்கள் சனத்துக்கும் இரத்தத்தில் ஊறினதுதானே.

இவரிடம் சொன்னேன். “நான் போய்ச் செய்யப்போறன். எனக்காக நேர்ந்தது, நானே முழங்காலிலை போறன்.”

“உனக்கென்ன விசரே? வயித்துக்குள்ளை வலை வைச்சுத் தைச்சிருக்கு. குனிஞ்சு ஊசி எடுக்கவே டொக்டர் வேண்டாமெண்டவர்.”

“அப்ப என்ன செய்யிறது? அந்த மனுசி நடக்கேலாமப் போகட்டுமோ?”

இவர் பேப்பரை மடித்து வைத்தார். “சரி, வெளிக்கிடு. போய்ச் சொல்லி மறிச்சுப்போட்டு வருவம். ஆனா ஒண்டு, நான் அவங்கடை கோயிலுக்குள்ளை கால் வைக்கமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்.”

பளிங்குத் தரையில் இலங்கை

எங்களை வரவேற்க மதாம் தன் கிராமத்திலிருந்து லிஸ்பனுக்கே வந்துவிட்டார். ஊரைக் காட்டாமல் உங்களைக் கூட்டிக்கொண்டு போனால் எனக்கு மரியாதை இல்லை என்று ஒரே பிடிவாதம். ஊன்றுகோலைத் தட்டித் தட்டி, மஞ்சள் ட்ராமில் ஏற்றி அல்ஃபாமா மேட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே சந்துகள் அவ்வளவு ஒடுக்கம், ஜன்னலுக்கு ஜன்னல் உடுப்புக் காய்கிறது, வாசலில் அடுப்பு வைத்து மீன் சுடுகிறார்கள். வீட்டுச் சுவரெல்லாம் நீல ஓடு. நான் ஒவ்வொரு ஓட்டிலும் சாறிக் கரைக்கு ஒரு டிசைன் பார்த்தேன். மேலே ஏறினால் சிவப்புக் கூரைகள் படிப்படியாக இறங்கி ஆற்றுக்குள் போகின்றன. போகிறவர்கள் அந்த மேட்டில் பின்னேரம் போய் நில்லுங்கள், என் வார்த்தை பொய்க்காது.

மறுநாள்தான் பெலேங். கோபுரத்துக் கதையைச் சொல்லிவிட்டேன். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால், கரையோரத்தில் கப்பலோடிகளுக்கு ஒரு பெரிய நினைவுச் சின்னம். அதற்கு முன்னால் தரையில் பளிங்குக் கல் பதித்து உலகப் படம் போட்டிருக்கிறார்கள், எந்தக் கப்பல் எங்கே போனது என்று. இவர் குனிந்த தலை நிமிராமல் ஆபிரிக்காவைச் சுற்றி, இந்தியாவைக் கடந்து, இலங்கையைக் கண்டுபிடித்துவிட்டார். அதன்மேலே ஒரு வெள்ளைக்காரப் பெடியன் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு நின்றான்.

“தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லும்,” என்றார் பிரெஞ்சில். “அது எங்கடை நாடு.”

அவன் பயந்துபோய் இந்து சமுத்திரத்துக்குள் இறங்கினான்.

அதற்குப் பக்கத்தில் ஜெரோனிமோஸ் மடாலயம். வாசல்வரைக்கும் வந்து இவர் நின்றுவிட்டார். நானும் மதாமும் உள்ளே போனோம். தூண் ஒவ்வொன்றிலும் கயிறும் சங்கும் கடற்பாசியும், கல்லென்று நம்ப முடியாத வேலைப்பாடு. மதாம் ஒரு தூணைத் தடவிக்கொண்டு, “நான் பரிஸிலை இத்தனை வருசம் படி கழுவினனான், இதைப் பாக்க எனக்கு இப்பதான் நேரம் கிடைச்சது,” என்றார். தன் நாட்டுக்குத் தானே சுற்றுலா வந்தவர் மாதிரி அவரும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது, கட்டிப்பிடித்தேன்.

வெளியே வந்ததும் ஒரு கடையில் உட்கார்ந்து முட்டைப்பால் நிரப்பிய பணியாரம் சாப்பிட்டோம். சூடாக, மேலே கொஞ்சம் கருகி, கடித்தால் மொறுமொறுவென்று உதிரும். அதற்குமேல் கறுவாப்பட்டைத் தூள் தூவித் தருகிறார்கள். இவர் மணந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“இது எங்கடை கறுவா. கொள்ளையடிச்சுக்கொண்டு வந்து, எங்களுக்கே திருப்பி விக்கிறாங்கள்.” சொல்லிக்கொண்டே இன்னொன்றை எடுத்து வாய்க்குள் போட்டார்.

இந்த முறை பிரெஞ்சில் சொல்லிவிட்டார். மதாமுக்கு விளங்கிவிட்டது. கோபுரம், கோயில், கோட்டை, கறுவா எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார். நான் மேசைக்குக் கீழே இவருடைய காலை மிதித்தேன். பிரயோசனமில்லை, மனுசன் ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தார்.

மதாம் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: “என்ரை அப்பா பிரான்சுக்கு எப்பிடி வந்தவர் தெரியுமே? பேப்பர் இல்லாமல், மலையாலை நடந்து. சப்பாத்துப் பிஞ்சு, காலிலை துணி சுத்திக்கொண்டு வந்தவர். பரிஸ் நகரத்துக்கு வெளியிலை சேத்துக்குள்ளை தகரக் கொட்டில் போட்டு இருந்தவர். கப்பலிலை போனவங்கள் பெரிய வீட்டுக்காரர், மிசியே. எங்கடை வீட்டிலை ஒருத்தரும் கடலைக்கூடப் பாத்ததில்லை. உங்கடை கோயில் உடைஞ்சது எனக்கு மனவருத்தம்தான். ஆனா நான் உடைக்கேல்லை.”

மலையால் களவாக நடந்து வந்த கதை இவருக்குத் தெரியாத கதை இல்லை. இவரும் அப்படி எல்லை எல்லையாகக் காட்டுக்குள்ளால் நடந்து வந்த ஆள்தான். தட்டில் கிடந்த கடைசிப் பணியாரத்தை மதாமின் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, விடமாட்டாராம், என்னிடம் தமிழில் முணுமுணுத்தார்: “எண்டாலும் கோயில் கோயில்தானே.”

முற்றம்

பஸ்ஸில் ஏறிப் பாத்திமாவுக்குப் போகும்போது வழியெல்லாம் தைலமரமும் ஒலிவமரமும். நான் மதாமுக்குப் பக்கத்தில் இருந்து கெஞ்சிக்கொண்டே போனேன். மெழுகுதிரி கொளுத்துங்கோ, காசு போடுங்கோ, சனத்துக்குச் சாப்பாடு குடுங்கோ, அதுவும் கடன் கட்டின மாதிரித்தானே. அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கேட்கிற நோக்கமே இல்லை.

பாத்திமா முற்றம் என்றால் எங்கள் கோயில் வீதிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்த மாதிரி ஒரு பெருவெளி. தூரத்தில் உயர்ந்த வெள்ளைக் கோயில், உச்சியில் கிரீடம். நடுவில் சின்னதாக மாதாவின் சிற்றாலயம். மேட்டிலிருந்து அதுவரைக்கும் வழுவழுவென்று ஒரு கல்லுப்பாதை இறங்குகிறது. அதில்தான் சனம் முழங்காலில் போகிறது. ஒரு தாய் கைக்குழந்தையோடு போனாள். ஒரு இளம் பெடியன் காதில் தோடு போட்டுக்கொண்டு, கண்ணீர் வழிய வழியப் போனான். ஒரு பக்கத்தில் மெழுகுதிரிகள் கொத்துக் கொத்தாக எரிந்து உருகுகின்றன. கடைகளில் மெழுகில் செய்த கை, கால், குழந்தை எல்லாம் விற்கிறார்கள். நேர்த்திக்குக் கோயில் உண்டியலில் போடுகிற வெள்ளிக் கண்மலர்தான் எனக்கு ஞாபகம் வந்தது. வித்தியாசமாகவே தெரியவில்லை எனக்கு.

இவர் சொன்னபடி வெளியிலேயே நின்றார். வெளி என்றால், அந்த வெளியில் எது உள், எது வெளி? முற்றத்தின் விளிம்பில் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டார்.

மதாம் என்னிடம் ஊன்றுகோலைத் தந்தார். குடையைத் தந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, ஒரு முழங்காலைக் கல்லில் வைத்தார்.

அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மற்ற முழங்காலையும் வைக்கப் பார்த்தார். முகம் வெள்ளைத் துணியாகிவிட்டது. நான் அழுதுகொண்டு தூக்கப் பார்க்கிறேன், என் வயிற்றுக்குள்ளே இழுக்கிறது. “விடு ராணி, விடு, உனக்காகத்தான்,” என்கிறார்.

அப்போது பின்னாலிருந்து இரண்டு கை வந்து மதாமை அப்படியே தூக்கி நிமிர்த்தியது. இவர்.

“மதாம், நில்லுங்கோ. நான் போறன்.”

“முடியாது. நேர்ந்தது நான். மாதாவை ஏமாத்தேலாது.”

“ஏமாத்து இல்லை. எங்கடை கோயிலிலை தாய் நேர்ந்தால் பிள்ளை செய்யலாம். ஒருத்தர் நேர்ந்ததை அவற்றை வீட்டு ஆக்கள் ஆரும் செய்யலாம். அது எங்கடை வழமை.”

“எனக்கு வீட்டு ஆக்கள் இல்லையே, மிசியே.”

இவர் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையைக் கழற்றினார். “கால் கழுவிற பைப் எங்கை?” என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். போத்தல் தண்ணியைக் காலில் ஊற்றிக்கொண்டார். பிறகு, நல்லூர் வாசலில் நிற்கிற அதே முகத்தோடு, மேலே போட்டிருந்த சேட்டைக் கழற்றி இடுப்பில் கட்டினார்.

ஐயோ கடவுளே! ஏப்ரல் மாதக் குளிர்காற்று. சனம் கம்பளிச் சட்டையோடு நிற்கிறது. இந்த மனுசன் நரைத்த நெஞ்சு மயிரும் தொப்பையுமாக, மாதா கோயில் முற்றத்தில் வெறும் மேலோடு முழங்காலில் இருக்கிறார். சேட்டோடு சாமிக்கு முன்னால் போகக்கூடாது என்பது மனுசனுக்கு உடம்பில் ஊறின பழக்கம். அது வேறு கோயில் என்பதே அந்த நேரம் மறந்துபோய்விட்டது. அவங்கள் கோயிலுக்குள் கால்வைக்கமாட்டேன் என்றவர், தன் கோயிலுக்குப் போகிற மாதிரியே போனார். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல் நின்றேன்.

காவலாளி ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். நாங்கள் பிரெஞ்சில் பேசுவதைக் கேட்டதும் பிரெஞ்சுக்கு மாறினார். அவரும் சின்னவயதில் பிரான்சில் வளர்ந்தவராம்.

“மிசியே, சட்டையைப் போடுங்கள். இங்கே இப்படி இருக்கக்கூடாது.”

“எங்கடை கோயிலிலை சட்டையோடை போகக்கூடாது,” என்றார் இவர். “மரியாதைக்குத்தான் கழட்டினனான்.”

காவலாளி மதாமின் ஊன்றுகோலைப் பார்த்தார், என் கண்ணீரைப் பார்த்தார். “இது யாருடைய நேர்த்தி?”

“இவவின்ரை. இவவுக்கு முழங்கால் ஏலாது,” என்றேன்.

“இந்த அம்மா உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று இவரைக் கேட்டார்.

பரிஸில் இவ்வளவு வருடமும் “பொன்ஜூர் மதாம்” என்பதற்கு மேலே ஒன்றும் பேசாதிருந்த மனுசன், முழங்காலில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “என்ரை அக்கா.”

காவலாளி கறுத்த இவரைப் பார்த்தார். ரோசாப்பூ நிறத்தில் நிற்கிற மதாமைப் பார்த்தார். மதாம் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். இல்லையென்று தலையாட்டவில்லை.

“சரி,” என்றார் காவலாளி கடைசியில். “அப்படியென்றால் தம்பி சட்டையைப் போட்டுக்கொண்டு போகட்டும். குளிர் பிடித்தால் அக்காதான் கவலைப்படுவார்.”

இவர் நல்லபிள்ளையாகச் சேட்டைப் போட்டுக்கொண்டு, இறங்கத் தொடங்கினார். வழுவழுப்பான கல்தான், ஆனால் கல் கல்தானே. கொஞ்சத் தூரத்திலேயே மூச்சு வாங்கியது. முருகா என்கிறார், மாதாவே என்கிறார், பிறகு இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார். மதாம் ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் என் தோளுமாகப் பக்கத்திலேயே நடந்தார். வெயில் ஏறியதும் குடையை என்னிடமிருந்து வாங்கி, இவருடைய தலைக்கு மேலே பிடித்தார். இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடுவில் ஒருதரம் இவர் நின்றுவிட்டார். மதாம் குனிந்து, “போதும், மாதா பாத்திட்டா,” என்றார்.

“சும்மா இருங்கோ அக்கா. அரைவாசியிலை விட்டால் அது கடன்தான்.”

சிற்றாலயத்தை அடைந்ததும் முழங்காலிலேயே அதைச் சுற்றி வந்தார். எழுப்பி வாங்கிலில் இருத்தினோம். களிசான் இரண்டு முழங்காலிலும் பொத்தலாகி இரத்தம் தெரிந்தது. மதாம் தன் கைக்குட்டையை நனைத்துத் துடைத்துவிட்டார். இவர் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் திருநீற்றுப் பையை எடுத்தார். அந்த ஆஸ்பத்திரி நடையில் வைத்திருந்த அதே பை. ஒரு நுள்ளு எடுத்து மதாமின் நெற்றியில் பூசினார். மதாம் கண்ணை மூடிக்கொண்டு பூசக் கொடுத்தார்.

“இனி நித்திரை கொள்ளுங்கோ,” என்றார்.

கடைச்சுவர்

திரும்பும் நாளில் வழியனுப்பவென்று மதாம் லிஸ்பனுக்கும் கூடவே வந்தார். விமானத்துக்கு நேரமிருந்தது. எங்கே போவோம் என்று கேட்டதற்கு இவர்தான் சொன்னார், பெலேங்குக்கு என்று. அந்தப் பணியாரத்தில் ஆசையாக்கும் என்று நினைத்தேன். மனுசன் கோபுரத்தடிக்கு நொண்டி நொண்டிப் போய் நின்றார்.

“படம் எடு.”

“கோவம் போயிட்டுதோ?”

“ஆர் சொன்னது? கோபுரத்தோடை எனக்குக் கோவம் கோவம்தான். இப்பவும் முதுகைத்தான் காட்டிக்கொண்டு நிக்கிறன், பார்.”

“படத்துக்கு நிக்கிற எல்லாரும் உதுக்கு முதுகைத்தானப்பா காட்டுகினம்!”

மதாம் வந்து பக்கத்தில் நின்று, ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டு மற்றக் கையை இவருடைய தோளில் போட்டார். இவர் சிரிக்கவில்லை, ஆனால் தள்ளியும் நிற்கவில்லை.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பெர்தொனே தெருக் கடையில் தையல் மெசினுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். போன கிழமை, வன்னியிலிருந்து புதிதாக வந்திருக்கிற ஒரு பிள்ளை ப்ளவுஸுக்கு அளவு கொடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவள், சுவரை அண்ணாந்து பார்த்தாள். கோபுரத்தைப் பார்த்தாள், இவருடைய உம்மென்ற முகத்தைப் பார்த்தாள், தோளில் கிடக்கிற அந்த வெள்ளைக் கையைப் பார்த்தாள்.

“அக்கா, ஆர் இந்த வெள்ளைக்கார அம்மா?”

நான் வாயிலிருந்த குண்டூசியை எடுப்பதற்குள், மூலையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த மனுசன் பேப்பரை இறக்காமலே பதில் சொன்னார்.

“என்ரை மூத்தக்கா, பிள்ளை. ஊரிலை இருக்கிறா.”